பழைய டவர் ஸ்பீக்கரில் பேஸ் குறைந்தால்: வூஃபரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

செகண்ட் ஹேண்டில் டவர் ஸ்பீக்கர் வாங்கி வந்து, இணைத்து, பாட்டுப் போட்டதும் பலருக்கும் எழும் குறை ஒன்றுதான். ஆளுயரப் பெட்டி, பக்கத்துக்கு இரண்டு வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்), ஆனாலும் பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் கனம், இல்லை. அடுத்த நாளே கடைக்குப் போய்ப் புது வூஃபர் கேட்பவர்கள் நிறைய. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பழைய பெட்டியில் பேஸ் காணாமல் போவது பெரும்பாலும் ஒயர் மாறியதாலோ, காற்று கசிவதாலோ, வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் உதிர்ந்ததாலோ, பெட்டியைத் தவறான இடத்தில் வைத்ததாலோதான். இவற்றைச் செலவில்லாததில் தொடங்கி வரிசையாகப் பாருங்கள். வரிசையை மாற்றினால் எந்த மாற்றம் எந்தப் பலனைத் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

கையில் வேண்டியவை: 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்று, மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், அலன் கீ செட், இன்ச் டேப், டார்ச், ஊதுவத்தி, போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். ஆறரை அங்குல வூஃபர் இரண்டு வைத்த சராசரி டவர் 40, 45 ஹெர்ட்ஸ் வரை தெம்பாக இறங்கும். அதற்குக் கீழே போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டியில் ஒலி ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் என்ற வேகத்தில் விழும். முழுக்க மூடிய பெட்டியில் 12 டெசிபல்தான் விழும். ஆக, 25 ஹெர்ட்ஸ் அதிர்வைச் சராசரி டவரிடம் கேட்பது நியாயமில்லை. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிக ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரே நேரத்தில் பெற முடியும். இதை ஹாஃப்மன் விதி என்பார்கள். 1957இல் தொடங்கிய கே.எல்.எச். நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘எச்’ அந்த ஹாஃப்மன்தான். பழைய டவரைச் சரிசெய்வது என்றால் வடிவமைத்தவர் அதற்குக் கொடுத்த பேஸைத் திரும்பக் கொண்டுவருவது. அதுவே பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம்.

முதலில் ஒயர்

ஒரு பக்கம் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஒரு பெட்டியின் கோன் (வூஃபரில் அதிரும் கூம்பு) வெளியே வரும்போது மற்றதன் கோன் உள்ளே போகும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட ஏழு மீட்டர். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே இரண்டு மீட்டர்கூட இருக்காது. அதனால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மேல் சுருதிகள் வழக்கம்போலக் கேட்பதால் கோளாறு ஒயரில் இருக்கிறது என்றே தோன்றாது. பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக் கேட்டால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும். ஒரு பெட்டியின் இரண்டு ஒயர்களை மட்டும் இடம் மாற்றிக் கேளுங்கள். பேஸ் கூடினால் அப்படியே விட்டுவிடலாம்.

ஆனால் பழைய பெட்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்பு யாராவது வூஃபரைக் கழற்றி, உள்ளே ஒயரை மாற்றி மாட்டியிருக்கலாம். அப்போது ஒரே பெட்டியில் உள்ள இரண்டு வூஃபர்களே எதிரெதிராக வேலை செய்யும். இதைப் பேட்டரி காட்டிக்கொடுக்கும். ஆம்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) ஒயரைக் கழற்றிவிட்டு, பென்சில் பேட்டரியின் பிளஸைப் பெட்டியின் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு விநாடி மட்டும் தொடுங்கள். எல்லா வூஃபரும் ஒரே திசையில் நகர வேண்டும். பெரும்பாலும் வெளியே வரும். இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோல் நடந்தால் சரி. ட்வீட்டரை (உயர்ந்த ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) கழற்றி நேரடியாகப் பேட்டரி வைக்க வேண்டாம். சில வடிவமைப்புகளில் மிட் (நடுத்தர ஒலி தரும் ஸ்பீக்கர்) அல்லது ட்வீட்டரை வேண்டுமென்றே தலைகீழாக இணைத்திருப்பார்கள். அதையும் தொட வேண்டாம்.

பின்பக்கம் நான்கு முனைகள் இருந்தால் மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இணைக்கும் பித்தளைப் பட்டை இரண்டு இருக்க வேண்டும். கைமாறும்போது முதலில் தொலைவது இந்தப் பட்டைதான். அது இல்லாமல் மேல் ஜோடியில் ஒயரைக் கொடுத்தால் வூஃபருக்குச் சிக்னலே போகாது. இரண்டரை ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரில் நான்கு அங்குலத் துண்டு இரண்டு வெட்டி இணைத்தால் வேலை முடிந்தது.

ஸ்பீக்கர் ஒயருக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அதே சமயம் மெல்லிய ஒயரும் கூடாது. 0.2 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் ஐந்து மீட்டர் தூரம் போய்வர மின்தடை 0.8 ஓம் தாண்டும். அதே தூரத்துக்கு ஒன்றரை ஸ்கொயரில் 0.12 ஓம்தான். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு மொத்தம் 0.4 ஓமுக்குள் இருந்தால் போதும். வீட்டு வயரிங்குக்கு விற்கும் ஒன்றரை ஸ்கொயர் மல்டி ஸ்ட்ராண்ட் செம்பு ஒயர் இதற்குத் தாராளம்.

ஆம்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஏ.வி. ரிசீவரில் முன் ஸ்பீக்கர்கள் ‘ஸ்மால்’ என்று அமைந்திருந்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது சப்வூஃபருக்கு (ஆழ்ந்த பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி) அனுப்பும். சப் இல்லாத வீட்டில் அதை ‘லார்ஜ்’ ஆக்குங்கள். இப்போது பலர் பயன்படுத்தும் டி.பி.ஏ. 3116 வகைச் சின்ன கிளாஸ் டி ஆம்ப் போர்டில் அடாப்டர்தான் எல்லை. 12 வோல்ட் அடாப்டரில் எட்டு ஓமுக்கு ஒரு சேனலுக்கு 9 வாட்தான் சிதையாமல் வரும். 24 வோல்ட் கொடுத்தால் 36 வாட் வரை போகும். பெட்டிமேல் 100 வாட் என்று அச்சடித்திருந்தாலும் கணக்கு இதுதான். வாட்டை அதிகம் விழுங்குவது பேஸ் என்பதால், மின்சாரம் போதாதபோது முதலில் இறுகிப்போவதும் பேஸ்தான்.

வூஃபரைக் கண்ணாலும் கையாலும்

முன்துணியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கோனைச் சுற்றி ஃபிரேமோடு இணைக்கும் வளையம் ஃபோமா, ரப்பரா, துணியா? ஃபோம் என்றால் விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். பொடியாக ஒட்டிவந்தாலோ, பிசுபிசுத்தாலோ, விரிசல் தெரிந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. பாலியூரிதேன் ஃபோம் காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து, பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். பதினைந்து, இருபது ஆண்டு கடந்த பெட்டியில் இது இயல்பு. கடலோர ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். வளையம் கிழிந்தால் கோனின் முன்னும் பின்னும் உள்ள காற்று கலந்து பேஸ் அங்கேயே அழிந்துவிடும்.

அடுத்து உரசல். இரு கைகளின் விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து நேராக, மெதுவாக அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். ‘சரக்’ என்று உரசினால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) காந்த இடைவெளியில் நடுவாக இல்லை, அல்லது காயில் கருகி உப்பியிருக்கிறது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து வூஃபரின் முனைகளில் அளங்கள். எட்டு ஓம் வூஃபர் ஐந்தரையிலிருந்து ஏழு வரை காட்டும், நான்கு ஓம் வூஃபர் மூன்று, மூன்றரை. ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. அது ரீகோனிங் (கோனும் காயிலும் மாற்றும்) கடைக்குப் போக வேண்டியது. அளக்கும்போது ஒரு ஒயரையாவது கழற்றியிருக்க வேண்டும்.

கனமான கோன் உள்ள எட்டு, பத்து அங்குல வூஃபர்களில் பல ஆண்டுகளாக ஒரே நிலையில் நின்றதால் ஸ்பைடர் (கோனைப் பின்னால் பிடித்திருக்கும் மடிப்புத் துணி) கீழ்ப்பக்கமாகத் தொய்ந்திருக்கலாம். வூஃபரைக் கழற்றி 180 டிகிரி திருப்பி மாட்டினால் புவியீர்ப்பு அதை எதிர்ப்பக்கம் இழுத்து மெல்ல நடுவுக்குக் கொண்டுவரும். லேசான உரசல் இதிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

ஃபோம் மாற்றும் முறை

இது வீட்டிலேயே செய்யக்கூடியது. பொறுமையாக ஒரு வூஃபருக்கு ஒரு மணி நேர வேலையும், காய்வதற்கு ஒரு நாளும் ஆகும். பழைய ஃபோமில் நான்கு அளவு எடுங்கள்: வெளிவிட்டம், உள்விட்டம், கோனின் விட்டம், உப்பிய மடிப்பின் அகலம். ‘எட்டு அங்குலம்’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. ஒரே எட்டு அங்குலத்தில் கோன் விட்டம் ஒரு சென்டிமீட்டர் வரைகூட வேறுபடும். கோனோடு ஒட்டும் உட்பட்டை தட்டையா, சரிவா என்பதையும் பாருங்கள். ஃபோம் இருந்த இடத்தில் ‘நீண்ட நாள் வரும்’ என்று ரப்பர் போடச் சொல்வார்கள். ரப்பர் கனமானது, விறைப்பும் வேறு. வூஃபரின் குணமே மாறிவிடும். ஃபோமுக்கு ஃபோம்தான்.

1. பெட்டியை முதுகுப்பக்கமாகக் கிடத்தி வூஃபரைக் கழற்றுங்கள். காந்தம் ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று இழுக்கும், கோன் ஓட்டையாவது அப்படித்தான். மறு கையால் ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுற்றி அணைபோட்டுக்கொள்ளுங்கள். ஒயர் எந்த முனையில் இருந்தது என்று போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

2. ஃபிரேமின் மேல் ஒட்டியிருக்கும் அட்டை வளையத்தை ஹேர் டிரையரில் சூடாக்கிக் கிழியாமல் உரியுங்கள். திரும்ப ஒட்ட வேண்டும்.

3. பழைய ஃபோமை அகற்றுங்கள். காகிதக் கோன் என்றால் ஈரமே வேண்டாம், விரலால் உருட்டி உருட்டி எடுக்கலாம். பிளாஸ்டிக் கோன் என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு. இரும்பு ஃபிரேமில் மட்டும் சுரண்டலாம். பழைய பசை மேடுபள்ளமாக மிச்சமிருந்தால் புது ஃபோம் சாய்ந்து உட்காரும்.

4. பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பிறகு கோனின் விளிம்பில் மெல்லிய கோடாகப் பசை தடவி, பழையது எந்தப் பக்கம் ஒட்டியிருந்ததோ அதே பக்கம் ஒட்டி, பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி அழுத்துங்கள். காகிதத்துக்கு வெள்ளைப் பசை பிடிக்கும். பாலிபுரோபிலீன் கோனில் அது உரிந்துவிடும், ஃபோம் கிட்டோடு வரும் பசையையே பயன்படுத்துங்கள். உடனடியாக ஒட்டும் பசை எதற்குமே கூடாது, காய்ந்ததும் ஃபோமை விறைக்கவைத்து அந்த இடத்திலேயே உடைக்கும்.

5. கோன் பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஃபிரேம் பக்கம். ஃபிரேமில் பசை தடவி ஃபோமை உட்காரவைத்து, வூஃபரை ஆம்பில் இணைத்து 25, 30 ஹெர்ட்ஸ் டோனைக் கோன் மூன்று மில்லிமீட்டர் அசையும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். காது வைத்துக் கேளுங்கள். உரசல் கேட்டால் ஃபோமை ஒரு மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். உரசல் முற்றிலும் நின்றதும் சுற்றிலும் துணிக் கிளிப் மாட்டி விடுங்கள். டஸ்ட் கேப்பை (கோனின் நடுவிலுள்ள மூடி) வெட்டி, காயிலைச் சுற்றி நான்கு பக்கமும் மெல்லிய ஃபிலிம் துண்டு செருகி நடுப்படுத்தும் முறை இன்னும் துல்லியமானது. புதியவர்களுக்கு டோன் முறையே பாதுகாப்பு, ஏனென்றால் கேப்பை வெட்டும்போது காயிலைக் கீறிவிடும் அபாயம் அதில் இல்லை.

6. 24 மணி நேரம் தொடாதீர்கள். பிறகு அட்டை வளையத்தை ஒட்டி, கையால் அழுத்தி உரசலை மறுபடி சோதித்து மாட்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். புது ஃபோமும் பழைய ஃபோமும் ஒரே விறைப்பில் இருக்காது.

காற்றுக் கசிவு

மூடிய பெட்டியில் வூஃபர் கோனை மெதுவாக உள்ளே அழுத்திவிட்டால் அது ஒன்று, இரண்டு விநாடி எடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ கசிகிறது. போர்ட் உள்ள பெட்டியில் போர்ட்டைத் துணிப்பந்தால் இறுக்கமாக அடைத்துவிட்டு இதே சோதனையைச் செய்யலாம்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க ஊதுவத்தி போதும். 45 ஹெர்ட்ஸ் டோனை மிதமாக ஓடவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வத்தியை மூட்டுகள், வூஃபர் ஓரம், பின்முனைகள் பதிந்த பிளாஸ்டிக் கிண்ணம் ஆகியவற்றின் அருகே மெல்ல நகர்த்துங்கள். புகை நடுங்கும் இடத்தில் ஓட்டை. நெருப்பு கோனிலும் துணியிலும் படாமல் ஒரு சாண் தள்ளியே பிடியுங்கள். பின்முனைக் கிண்ணம்தான் அடிக்கடி மாட்டும் குற்றவாளி. அடுத்தது வூஃபர் ஓரத்தில் நசுங்கித் தட்டையான கேஸ்கெட் (காற்றை அடைக்கும் பட்டை).

நம் வீடுகளில் மூன்றாவதாக ஒன்று உண்டு. தினமும் தரை துடைக்கும் ஈரம் பெட்டியின் அடிப்பலகைக்குள் ஏறிவிடும். எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும் நீர் குடித்தால் உப்பும், உப்பினால் கீழ் மூட்டு வாய் பிளக்கும். வெளியே லேமினேட் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் புடைப்பு தெரியும். உட்புறமாக மூட்டு நெடுக மரப்பசை ஊற்றிப் பிடித்து, காய்ந்த பின் பெட்டியைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி வையுங்கள். ஸ்பைக்கும் (கூரான உலோகக் கால்) அதன்கீழ் கிரானைட் துண்டும் இதற்கு அருமையாகப் பயன்படும். ஸ்பைக் வைத்தாலே பேஸ் ஆழமாக இறங்கும் என்று சொல்வதை நம்பி வாங்க வேண்டியதில்லை. பெட்டி ஆடாமல் நிற்பதும் ஈரம் ஏறாததும் போதுமான காரணங்கள்.

கேஸ்கெட்டுக்குக் கதவு இடுக்கில் ஒட்டும் மூன்று மில்லிமீட்டர் ஃபோம் டேப் போதும். தண்ணீர் உறிஞ்சாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். சிலிகான் சீலன்ட் போடுவதாக இருந்தால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அதன் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் செம்பை அரிக்கும். ‘நியூட்ரல் க்யூர்’ என்று எழுதியதை வாங்குங்கள். ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்திருந்தால் பல்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் திணித்து, மறுநாள் கையால் முடுக்குங்கள். பவர் டிரைவர் வைத்தால் எம்.டி.எஃப். மறுபடி உதிரும். கார் டயர் போல் எதிரெதிர் ஸ்க்ரூவாக இறுக்குவது முக்கியம்.

போர்ட்டும் பஞ்சும்

போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குழந்தைகள் போட்ட பொம்மையும் எலி சேர்த்த துணியும் இருக்கலாம். அதைவிட முக்கியம், குழாய் தன் இடத்தில் இருக்கிறதா என்பது. ஒட்டு விட்டு உள்ளே விழுந்த போர்ட் குழாய் பழைய பெட்டிகளில் சாதாரணம். குழாய் போய்விட்டால் வெறும் ஓட்டைதான் மிச்சம், பெட்டியின் ஒத்திசைவு (உள்காற்று இயல்பாக வலுத்து அதிரும் அதிர்வெண்) மேலே ஏறி, ஆழத்துக்குப் பதில் ‘டொம் டொம்’ என்ற ஒற்றைச் சத்தம் வரும்.

இரண்டு பெட்டிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அறிய ஒரு நல்ல சோதனை. டோனை 60 ஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாக 25 வரை இறக்குங்கள், ஒலி குறைவாக இருக்கட்டும். ஓரிடத்தில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும், போர்ட்டில் காற்று அதிகமாக வீசும். அதுதான் அந்தப் பெட்டியின் ஒத்திசைவு அதிர்வெண். இடது 38, வலது 38 என்றால் நிம்மதி. இடது 38, வலது 46 என்றாலோ, ஒன்றில் அந்த நிற்றல் தெளிவாகவே இல்லை என்றாலோ, அந்தப் பெட்டியில் கசிவு, விழுந்த குழாய், அல்லது அளவுக்கு மீறிய பஞ்சு இருக்கிறது. திறந்து தேடுங்கள்.

பஞ்சு விஷயத்தில் அதிகமானால் நல்லது என்பது பொய். மூடிய பெட்டியில் லிட்டருக்கு 8 முதல் 16 கிராம் பாலியஸ்டர் தலையணைப் பஞ்சு நிரப்பினால் பெட்டி கொஞ்சம் பெரியதுபோல் நடந்துகொள்ளும். 40 லிட்டர் பெட்டிக்கு 320 கிராமில் தொடங்கி நூறு நூறாகக் கூட்டிக் கேளுங்கள். போர்ட் உள்ள பெட்டியில் அப்படி நிரப்பினால் போர்ட்டின் வேலையே கெடும். பின்சுவர், பக்கச் சுவர்கள், மேற்கூரை ஆகியவற்றில் மட்டும் ஓர் அங்குலத் தடிமன் ஒட்டி, வூஃபருக்கும் போர்ட்டுக்கும் இடையே காற்று வழியைத் திறந்தே விடுங்கள். உள் உயரம் 90 சென்டிமீட்டர் உள்ள டவரில் மேலும் கீழுமாக ஓடும் அலை 194 ஹெர்ட்ஸில் எதிரொலிக்கும். மேல் மூன்றில் ஒரு பங்கைத் தளர்வாகப் பஞ்சால் நிரப்பினால் அது அடங்கும். பழைய டவர்களில் அந்த மேல் பஞ்சு சரிந்து அடியில் குவிந்து கிடக்கும். எடுத்து உதறி, மேலே நைலான் நூலால் கட்டிவிடுங்கள். கண்ணாடிக் கம்பளியைத் தவிர்க்கவும், அதன் இழைகள் போர்ட் வழியாக அறைக்குள் வரும்.

பெட்டி திறந்திருக்கும்போதே பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். தகரம்போல் ஒலித்தால், ஒன்றுக்கு ஒன்று அங்குல மர ரீப்பரை இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே இறுக்கமாக வெட்டிப் பசையோடு நிறுத்துங்கள். பேஸின் ஆழம் இதனால் கூடாது. கொழகொழப்பு குறைந்து தாளம் தெளிவாகும்.

இடம்: காசில்லாத பெரிய மருந்து

செங்கல், கான்கிரீட் அறை பேஸை ஏறக்குறைய முழுவதும் திருப்பி எறியும். அதனால் அறையின் அளவே சில சுரங்களை ஊதிப் பெரிதாக்கும், சிலவற்றை விழுங்கும். நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. எளிய கணக்கு: 572ஐ அறையின் நீளத்தால் (அடியில்) வகுத்தால் அந்த நீளத்தின் முதல் ஒத்திசைவு வரும். 12 அடிக்கு 48 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கூரையும் பத்து அடி என்றால் 57 ஹெர்ட்ஸில் இரண்டு ஒத்திசைவு ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அந்த ஒரு சுரம் மட்டும் அறையைக் குலுக்கும்.

இந்த முதல் ஒத்திசைவின் அழுத்தம் சுவரில் உச்சம், அறையின் நட்டநடுவில் சுழியம். சோபாவை நடுவில் போட்டுவிட்டு பேஸ் இல்லை என்று ஸ்பீக்கரைக் குறை சொல்பவர்கள் ஏராளம். ஆகவே முதலில் நகர்த்த வேண்டியது நாற்காலியை. பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தூரம் நல்ல தொடக்கம். 12 அடி அறையில் அது நாலரை அடி.

அடுத்து ஸ்பீக்கர். அதன் பின்னால் உள்ள சுவரில் மோதித் திரும்பும் ஒலி, நேரே வரும் ஒலியை ஓர் அதிர்வெண்ணில் அழிக்கும். அதற்கும் கணக்கு உண்டு: 286ஐ, சுவரிலிருந்து வூஃபர் முகம் வரையுள்ள தூரத்தால் (அடியில்) வகுக்க வேண்டும். 3 அடி என்றால் 95 ஹெர்ட்ஸ், சரியாகத் தாளத்தின் கனம் இருக்கும் இடம். 2 அடி என்றால் 143. சுவரை நெருங்க நெருங்க இந்தப் பள்ளம் மேலே ஏறும், ஆழத்துக்கு வலுவும் கூடும். மெலிந்து ஒலிக்கும் டவரைச் சுவர்ப்பக்கம் தள்ளுங்கள். போர்ட் பின்னால் இருந்தால் குறைந்தது ஆறு அங்குலம் விடுங்கள். பின்சுவர், பக்கச்சுவர், தரை மூன்றிலிருந்தும் வூஃபரின் தூரம் ஒன்றாக இருக்கக் கூடாது, மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழும். வூஃபர் தரையிலிருந்து ஒன்றரை அடி, பின்னால் இரண்டடி, பக்கத்தில் இரண்டே முக்கால் அடி என்பது போல் வைத்துப் பாருங்கள்.

நகர்த்துவது அரை அடி அரை அடியாக. ஒவ்வொரு இடத்தையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, நன்கு தெரிந்த ஒரே பாட்டின் பேஸ் கிட்டார் வரியைக் கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் நடந்தால் அதுவே இடம். ஒரு சுரம் மட்டும் வீங்கினால் இன்னும் நகர்த்துங்கள். மூலையில்தான் வைக்க முடியும், முழங்கித் தள்ளுகிறது என்றால் போர்ட்டை ஃபோம் உருளையால் அடைத்துப் பாருங்கள். பெட்டி மூடிய பெட்டியாகிவிடும், சரிவு மென்மையாகும், மூலை அந்தக் குறையை நிரப்பும்.

கிராஸ்ஓவரையும் கோனையும் பற்றி

பழைய கிராஸ்ஓவரில் (ஒலியைப் பிரித்து வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் சர்க்யூட்) உள்ள நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோகும், உண்மைதான். ஆனால் அவை பாதிப்பது பெரும்பாலும் மிட், ட்வீட்டரை. எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிட்டு பேஸ் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு காலைக் கழற்றி அளந்து, எழுதியிருப்பதிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகியதை மட்டும் அதே மதிப்பில், 100 வோல்ட் நான்-போலாராக மாற்றுங்கள். வூஃபரோடு வரிசையில் உள்ள தடித்த காயிலை மெல்லிய கம்பிக் காயிலாக மாற்றினால்தான் பேஸ் தளரும்.

கோனில் எடை ஒட்டி பேஸை இறக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை வைத்தால் நாதம் கீழே இறங்குவது போல, இதுவும் வேலை செய்யும். ஆனால் அங்கே வாசிக்கும் கை கூடுதல் பலம் கொடுக்கிறது. இங்கே வூஃபரின் ஒலி குறையும், மிட்டோடும் ட்வீட்டரோடும் சமநிலை போகும், கோனின் ஆட்டம் நிற்க நேரமெடுக்கும். தொடாதீர்கள்.

வூஃபர் செத்தே போயிருந்தால், அதே மாடல் கிடைப்பது முதல் தேர்வு. வேறு வாங்குவதாக இருந்தால் எஃப்.எஸ். (வூஃபரின் சொந்த ஒத்திசைவு), கியூ.டி.எஸ். (மொத்தத் தணிப்பு அளவு), வி.ஏ.எஸ். (அதன் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் கொள்ளளவு) மூன்றும் பழையதோடு நெருங்க வேண்டும். எஃப்.எஸ்.ஸை கியூ.இ.எஸ்.ஸால் (மின் தணிப்பு அளவு) வகுத்து 100 பக்கம் வந்தால் போர்ட் பெட்டிக்கு, 50க்குக் கீழ் என்றால் மூடிய பெட்டிக்கு ஏற்றது. இந்த எண்கள் தராத வூஃபரை, பார்க்க எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும், வாங்காதீர்கள். கார் வூஃபர் நான்கு ஓம் வருவது வழக்கம், எட்டு ஓம் டவரில் போட்டால் கிராஸ்ஓவர் புள்ளி நகரும், ஆம்பும் சூடேறும்.

ஈக்வலைசர், கடைசியாக சப்

மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகே ஈக்வலைசர் (வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி). வெட்டத் தயங்காதீர்கள், ஏற்றத் தயங்குங்கள். கணினியில் கேட்பவர்கள் ரூம் இக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும் வைத்து வீங்கிய சுரத்தைக் கண்டுபிடித்து, இக்யூ ஏபிஓ என்ற ஈக்வலைசர் மென்பொருளில் ஐந்தாறு டெசிபல் வெட்டலாம். வீக்கம் அடங்கினால் மொத்த ஒலியைக் கூட்ட முடியும், மறைந்திருந்த மற்ற பேஸ் சுரங்கள் தெரியவரும். பள்ளத்தை ஏற்றி நிரப்ப முடியாது, கொடுப்பதை எல்லாம் அறை அழித்துக்கொண்டே இருக்கும். 6 டெசிபல் ஏற்றினால் நான்கு மடங்கு வாட் வேண்டும். போர்ட் ஒத்திசைவுக்குக் கீழே ஏற்றவே கூடாது. அங்கே பெட்டியின் காற்று கோனைப் பிடிக்காது, கோன் கட்டற்று ஆடி வாய்ஸ் காயில் அடித்தட்டில் மோதும். 38 ஹெர்ட்ஸ் பெட்டிக்கு 28, 30 ஹெர்ட்ஸில் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) போட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டும் என்றால் அது சப்வூஃபரின் வேலை. ரிசீவரின் கிராஸ்ஓவரை 60க்கும் 80 ஹெர்ட்ஸுக்கும் இடையே வைத்து, டவர்களை ‘ஸ்மால்’ ஆக்குங்கள். சப்பை நீங்கள் உட்காரும் நாற்காலிமேல் வைத்து ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள். பிறகு கிராஸ்ஓவர் வைத்த அதே அதிர்வெண்ணில் டோனை ஓடவிட்டு, உட்காரும் இடத்திலிருந்து கேட்டபடி, இன்னொருவரைக் கொண்டு சப்பின் ‘ஃபேஸ்’ (phase) சுவிட்சை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் ஒலி கூடுகிறதோ அதில் விட்டுவிடுங்கள்.